நிமிர்ந்துபோன முள்

போன மாதம் எங்கள் பெரியப்பா தவறிப்போனார். நம் பள்ளிக்கூடத்து வாட்ஸப் குழுவில் யாரோ அந்தக் கண்ணீர் அஞ்சலி பேனரைப் படம் பிடித்துப் போட்டிருந்தீர்கள். வெள்ளைச் சட்டை, சந்தனப் பொட்டு, பின்னால் மேகங்கள். கீழே வரிசையாகக் கும்பிடு கைகள். "தங்கமான மனுசன்" என்று ஒருத்தி. "சின்னப் புள்ளைல அவங்க ஊட்டுக்குப் போனா பிஸ்கட் குடுப்பாரே" என்று இன்னொருத்தி. நான் மட்டும் ஒன்றும் போடவில்லை. ஒருத்தி போன் போட்டே கேட்டுவிட்டாள்: "ஏன் அம்மிணி, சொந்தப் பெரியப்பாவுக்கு ஒரு வார்த்தை போடக் கூடாதா?"

ஒரு வார்த்தையில் முடிகிற சமாசாரமாக இருந்தால் போட்டிருப்பேன். அதனால்தான் இப்படி உட்கார்ந்து எழுதுகிறேன். நமக்கெல்லாம் தலை நரைத்து, சர்க்கரை மாத்திரையும் முழங்கால் வலியும் வந்தாயிற்று. இனிமேல் யாருக்குப் பயம்?

கணபதியில் எங்கள் வீடு உங்களில் சிலருக்கு நினைவிருக்கும். ஒரே காம்பவுண்டுக்குள் முன்னால் பெரியப்பாவின் மாடி வீடு, பக்கத்தில் தகரக் கொட்டகை போட்ட பவுடர் கோட்டிங் பட்டறை, அதற்கெல்லாம் பின்னால் எங்களுடைய இரண்டு அறை. கிரைண்டர் ஸ்டாண்டு, மோட்டார் மூடி, ஜன்னல் கிரில் எல்லாம் வண்டியில் வந்து இறங்கும். முகத்துக்குப் போடுகிற பவுடர் மாதிரி வறண்ட கலர் பவுடரை அவற்றின் மேல் பீய்ச்சி, ஆள் நுழைகிற அளவு அடுப்புக்குள் தொங்கவிடுவார்கள். உள்ளே அது உருகி, வெளியே வரும்போது பளபளவென்று தோல் மாதிரி ஒட்டியிருக்கும். பட்டறைக்குள் நான் ஒரு சுற்றுச் சுற்றி வந்தால் என் வெள்ளை சாக்ஸ் அன்றைக்கு எந்தக் கலர் ஓடுகிறதோ அந்தக் கலராகிவிடும். பி.டி. டீச்சர் என்னை வெயிலில் நிறுத்தியதெல்லாம் அதற்காகத்தான்.

பட்டறை பெரியப்பாவுடையது. அப்பா அவருக்குக் கீழே வேலை பார்த்தார். கூடப் பிறந்த தம்பிதான், ஆனால் "அண்ணன் சொல்லிட்டாருங்" என்பதற்கு மேல் அப்பாவிடம் ஒரு பதிலும் இருந்ததில்லை.

பெரியப்பாவுக்கு மீன் பிடிக்கிற பைத்தியம். நீலகிரியில் ஏதோ ஒரு எஸ்டேட் மேனேஜருக்கு கேட் கோட்டிங் செய்து கொடுக்கப் போய் அவரிடமிருந்து ஒட்டிக்கொண்டது. மண்புழுவைக் கோத்துத் தக்கையை மிதக்கவிட்டுக் காத்திருக்கிற ரகம் இல்லை இவர். ரீல் வைத்த தூண்டில். முள்ளின் கழுத்தில் ஈயத்தை வார்த்து, கோலிக்குண்டு அளவில் ஒரு தலை இருக்கும். அந்தத் தலைக்குக் கலர் அடித்து, கண் வைத்து, கீழே சேவல் இறகைக் கட்டிவிட்டால் தண்ணீருக்குள் ஒரு குட்டி மீன் ஓடுகிற மாதிரி தெரியும். வாளையும் விராலும் பசி இல்லாவிட்டாலும் கோபத்திலேயே பாய்ந்து கவ்வும் என்பார். எங்கள் வீட்டில் அதற்கு 'தலை' என்றுதான் பேர். "எத்தனை தலை ஆச்சு?" என்று பெரியப்பா கேட்கும்போது வீட்டுக்கு வந்த ஒறம்பரைகள் திடுக்கிட்டுப் போவார்கள்.

கடையில் வாங்குகிற தலையின் பெயிண்ட் ஒரு பாறையில் பட்டாலே உதிர்ந்துவிடும். பெரியப்பாவுடையது உதிராது. பட்டறைப் பவுடர் அல்லவா? அதனால் அவருடைய தலைகளுக்கு மேட்டுப்பாளையம் வரைக்கும் பேர். யாரிடமெல்லாம் அவருக்குக் காரியம் ஆகவேண்டுமோ அவர்களுக்கெல்லாம் ஒரு சின்ன டப்பாவில் பஞ்சு வைத்து அந்தத் தலைகளைக் கொடுப்பார். "நம்ம கையால செஞ்சதுங்க" என்று கொடுப்பார்.

யார் கையால்? அதைத்தான் சொல்ல வருகிறேன்.

ஈயம் உருக்கியது அம்மா. கலர் போட்டது நான்.

அந்த வேலை எனக்கு எவ்வளவு பிடிக்கும் என்று சொன்னால் நம்பமாட்டீர்கள். வார்த்து ஆறின தலையை முள்பக்கம் குறடால் பிடித்து, பம்ப் ஸ்டவ் தீயில் மெல்லத் திருப்பித் திருப்பிச் சூடு காட்டவேண்டும். சூடு பத்தாவிட்டால் பவுடர் ஒட்டாது, மாவு மாதிரி கொட்டிவிடும். சூடு எச்சாகிவிட்டால் தலையே உருகி ஒழுகிவிடும். சரியான பதத்தில் எடுத்து ஐஸ்கிரீம் கப்பில் இருக்கிற பவுடருக்குள் ஒரு முக்கு, உடனே வெளியே. எடுத்த கணத்தில் வறட்டுப் பவுடராகத் தெரியும். பார்த்துக்கொண்டே இருக்கும்போது அது தானாக ஈரமாகிப் பளபளக்கும், நாக்கால் தடவின மாதிரி. கயிறு கட்டுகிற ஓட்டையைப் பவுடர் அடைத்துவிடும், ஆறுவதற்குள் ஊசியால் குத்தி எடுக்கவேண்டும். பிறகு ஒரு கம்பியில் வரிசையாகத் தொங்கவிட்டு, பட்டறை அடுப்பில் கிரைண்டர் ஸ்டாண்டுகளோடு சேர்த்து வேகவைக்கவேண்டும். கிரைண்டர் பச்சை, பீரோ சாம்பல், கேட்டுக் கறுப்பு, எப்போதாவது தீயணைப்புச் சிலிண்டர்காரர்கள் வந்தால் ரத்தச் சிவப்பு. மிச்சம் விழுந்த பவுடரெல்லாம் என்னுடையது. கண்ணுக்கு, ஆணியின் கொண்டையை மஞ்சள் பெயிண்டில் தொட்டு ஒரு புள்ளி, அது காய்ந்ததும் நடுவில் கறுப்பில் ஒரு சின்னப் புள்ளி. அந்தப் புள்ளி விழுந்ததும் தலை என்னைப் பார்க்கும். அப்படித்தான் இருக்கும் எனக்கு.

நாம் ஆறாவது முடித்த முழுப்பரீட்சை லீவு அது. அதுவரைக்கும் ஈயம் என்பது டயர் கடைகளில் கழித்துப் போட்ட சின்னச் சின்னக் கட்டிகள்தான். அந்த வருசம் பெரியப்பாவுக்கு மலிவாக எங்கிருந்தோ செத்துப்போன லாரி பேட்டரித் தட்டுகள் கிடைத்தன. சாக்குச் சாக்காக வந்தன. கறுப்பும் வெள்ளையுமாகப் பூத்துப்போன தட்டுகள். தொட்டால் விரல் எரியும். உருக்கும்போது வருகிற புகை டயர் ஈயத்துப் புகை மாதிரி இல்லை. மஞ்சளாக, கனமாக, தரையோடு தவழும். தொண்டையில் இனிப்பாக ஏதோ படியும். இனிப்பு என்றா சொல்கிறேன்? ஆமாம், இனிப்புதான். அதற்குப் பிறகு தண்ணீர் குடித்தால் தண்ணீர் கசக்கும்.

அப்பா ஒரே ஒரு தடவை கேட்டார். "ஏனுங்கண்ணா, பட்டறைலயே ஒரு மூலைல வெச்சு உருக்கிக்கலாமுங்களா? அங்கதான் காத்து நல்லா வருது."

"அங்க உருக்குனா அந்தச் சாம்பலெல்லாம் பவுடர்ல வந்து படிஞ்சுபோடும். பார்ட்டிக்காரன் மூஞ்சீல அடிப்பான். பின்னாடி சாய்ப்புலயே வெச்சுக்கச் சொல்லு" என்றார் பெரியப்பா.

சாய்ப்பு என்பது எங்கள் சமையலறையை ஒட்டி, மூன்று பக்கம் சுவரும் மேலே ஆஸ்பெஸ்டாஸும் போட்ட இடம். அம்மா அங்கே ஒரு பலகையில் உட்கார்ந்து, முந்தானையை மூக்குக்கு மேல் கட்டிக்கொண்டு, இரும்புச் சட்டியில் தட்டுகளைப் போட்டு உருக்கி, மேலே திரள்கிற கசட்டைக் கரண்டியால் ஒதுக்கி, அலுமினிய அச்சில் ஊற்றுவாள். அப்போது அம்மா உண்டாகியிருந்தாள். எனக்கு அடுத்து ஒன்றுக்காக அவர்கள் எத்தனையோ வருசம் காத்திருந்தார்கள். மருதமலைக்கு நடந்தார்கள். காரமடைத் தேருக்கு நேர்ந்துகொண்டார்கள். அம்மா என்னிடம் ரகசியமாகச் சொல்லியிருந்தாள்: "தம்பியோ பாப்பாவோ வரப்போவுது கண்ணு. ஆருகிட்டயும் சொல்லாத." சொல்லாதே என்றாளே தவிர, அவளே முகமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

அதே சமயம் பெரியப்பாவின் மகளும், அதாவது அக்காவும், பிரசவத்துக்கு முன்கூட்டியே தாய்வீடு வந்திருந்தாள், வளைகாப்பும் இங்கேயே என்று பேச்சு. கீழ்வீட்டில் அவளுக்கு ஒதுக்கிய அறையின் ஜன்னல் எங்கள் சாய்ப்பைப் பார்த்து இருக்கும். வந்த இரண்டாம் நாளே பெரியப்பா அவளை மாடிக்கு மாற்றினார். பால் தம்ளரை எடுத்துக்கொண்டு நான் வாசற்படியில் நின்றுகொண்டிருந்தபோது அவர் சொன்னது என் காதில் அப்படியே இருக்கிறது.

"இந்த ரூமு வேண்டாங் கண்ணு. பின்னால இருந்து ஈயப் பொகை வருது. வயித்துப்புள்ளைக்கு அது ஆகவே ஆகாது. மேல போயிரு. மொட்டைமாடிக் காத்து வாங்கீட்டு நிம்மதியா இரு."

பெரியப்பாவுக்கு அக்கா மேல் எவ்வளவு பிரியம் என்றுதான் நான் அன்றைக்கு நினைத்தேன். மாடிக்குக் கட்டில் ஏற்றும்போது தலையணையை நான்தான் தூக்கிக்கொண்டு போனேன். கீழே வந்ததும் சாய்ப்பில் அம்மாவுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்து கலர் போட ஆரம்பித்தேன். அந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்க எனக்குத் தெரியவில்லை. பதினோரு வயது. சேர்த்துப் பார்க்கத் தெரிந்த பெரியவர்கள் அந்த வீட்டில் நான்கு பேர் இருந்தார்கள்.

அம்மாவுக்கு வயிறு இழுத்துப் பிடிக்க ஆரம்பித்தது. "வாயெல்லாம் இரும்ப நக்குன மாதிரியே இருக்குதுங்" என்று பெரியம்மாவிடம் சொன்னாள். "மசக்கைன்னா அப்படித்தான் இருக்கும், எலுமிச்சங்காய் ஊறுகாயைத் தொட்டுக்க" என்றாள் பெரியம்மா. அம்மா சிரிக்கும்போது பல்லுக்கு மேலே ஈறில் பென்சிலால் கோடு போட்ட மாதிரி தெரிந்தது. நான் அதைக் காட்டி, "அம்மா, பல்லு வெளக்கலையா?" என்று கேட்டேன். அவள் சாம்பலை எடுத்துக்கொண்டு போய் மறுபடியும் விளக்கிவிட்டு வந்தாள்.

ஒரு காலை நேரம். சட்டியில் ஈயம் உருகி வெள்ளிக் கண்ணாடி மாதிரி நிற்கிறது. அம்மா கரண்டியைக் கீழே வைத்தாள். சுவரைப் பிடித்தாள். "அப்பாவைக் கூப்புடு" என்றாள், மெதுவாக. நான் பட்டறைக்கு ஓடினேன். திரும்பி வந்தபோது அவள் பலகையில் இல்லை, தரையில் இருந்தாள். ஆட்டோவில் ஏற்றும்போது அவளுடைய சேலையின் பின்பக்கத்தை நான் பார்க்காமல் இருப்பதற்காகப் பெரியம்மா என் முகத்தைத் தன் வயிற்றோடு சேர்த்து அழுத்திக்கொண்டாள். அந்த மஞ்சள்தூள் வாசத்தை இப்போதும் என்னால் தாங்க முடியாது.

அம்மா ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபோது ஒரு துணிப்பை மட்டும் கொண்டுவந்தாள். யாரும் எனக்கு ஒன்றும் சொல்லவில்லை. அவள் வயிற்றைத் தொட்டுப் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

அதற்குள் அக்காவுக்கு வளைகாப்பு. முந்தின நாள், முற்றத்தில் பந்தல்காரர்கள் கம்பு நட்டுக்கொண்டிருக்கும்போது, பெரியப்பா அப்பாவைக் கூப்பிட்டுச் சொன்னார். மெதுவாகச் சொல்லவில்லை. அவருக்கு மெதுவாகப் பேசத் தெரியாது.

"ஒரு உசுரைத் தங்க வெக்கத் தெரியாத வயிறு அது. ராசி கெட்டவ. நாளைக்கு நம்ம புள்ளைக்கு முன்னால அவ மொகம் படவேண்டாம். பின்னாடியே இருந்துக்கச் சொல்லு."

அப்பா தலையாட்டினார். என்னுடைய அப்பா நல்லவர். நீங்களெல்லாம் அவரைப் பார்த்திருக்கிறீர்கள். பஸ் ஸ்டாப் வரைக்கும் வந்து நம்மை ஏற்றிவிடுவார். ஆனால் அந்தத் தலையாட்டலுக்கு மட்டும் அவரை நான் மன்னித்ததில்லை. அவர் இறந்தும் பல வருசம் ஆகிவிட்டது. மன்னிக்கவில்லை.

அம்மா சன்னலுக்கு இந்தப் பக்கம் நின்று எல்லாவற்றையும் கேட்டாள். வளைகாப்பு அன்றைக்கு நான் இலையில் ஐந்து வகைச் சாதமும் கட்டிக்கொண்டு போய் அவளிடம் கொடுத்தேன். அவள் ஒவ்வொன்றாக, மிச்சம் வைக்காமல், நிதானமாகச் சாப்பிட்டாள். முன்னால் நலங்குப் பாட்டுக் கேட்டது. "உப்புக் கொஞ்சம் கம்மியா இருக்குது" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

அவள் அழுதிருந்தால் எனக்கு அவ்வளவு கோபம் வந்திருக்காது என்று நினைக்கிறேன்.

வளைகாப்புப் பந்தலைப் பிரித்த கையோடு பெரியப்பா சாய்ப்புக்கு வந்தார். கையில் ஒரு பொட்டலம், உள்ளே புதிதாக வாங்கின பெரிய முட்கள், கறுப்பு நிறம். "பம்பு கம்பெனி மொதலாளி இந்த ஞாயித்துக்கெழமை பவானிக்கு மீன் புடிக்க வாரேன்னுட்டாரு. அவுங்க பம்பு மூடி பூரா நமக்கு வந்துருச்சுன்னா அப்புறம் ரெண்டாவது அடுப்புப் போட்டரலாம். புதுசா தலை வேணும். எனக்கு ஒண்ணு தனியா, பெரிசா, செகப்புல போடு கண்ணு" என்று என் தலையைத் தடவினார். அம்மாவின் பக்கம் திரும்பாமலே, "நாளைக்கே உருக்கிரச் சொல்லு" என்றார். அவள் பக்கத்தில்தான் இருந்தாள். என்னிடம் சொல்லி அவளுக்குச் சொல்லச் சொன்னார். ராசி கெட்ட முகத்தைப் பார்க்கக் கூடாது, ஆனால் ராசி கெட்ட கை ஈயம் உருக்கலாம்.

முள்ளைப் பற்றி எனக்கு ஒன்று தெரியும். முன்னொரு நாள் கலர் போடும்போது கவனமில்லாமல் ஒரு முள்ளைத் தீயில் சிவக்க விட்டுவிட்டேன். அப்பா அதை வாங்கி இரண்டு விரலாலேயே நிமிர்த்திக் காட்டினார், கல்யாணப் பந்தல் கட்டுகிற கம்பி மாதிரி நிமிர்ந்தது. "சிவக்கக் காஞ்சு மெல்ல ஆறுச்சுன்னா முள்ளு செத்துப்போச்சு கண்ணு. பாக்க அப்படியேதான் இருக்கும். மீனு இழுத்தாத்தான் தெரியும்" என்று சொல்லி அதைத் தூர எறிந்தார்.

மறுநாள் அம்மா சட்டியை வைப்பதற்கு முன்னாலேயே நான் ஸ்டவ்வைப் பற்றவைத்துவிட்டேன். பொட்டலத்திலேயே பெரிய முள்ளை எடுத்தேன். குறடால் பிடித்து, வளைவைத் தீயின் நீலத்தில் நீட்டினேன். முதலில் ஒன்றுமில்லை. பிறகு சாயங்கால வெயில் மாதிரி சிவந்தது. இன்னும் நன்றாகச் சிவக்கட்டும் என்று பிடித்துக்கொண்டே இருந்தேன். சாம்பல் வாளியில் புதைத்து, ஆறும் வரைக்கும் அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். பிறகு எடுத்துத் தேங்காயெண்ணெய் போட்டுத் துடைத்தேன். மற்ற முட்களோடு வைத்தால் பேதம் தெரியவில்லை.

வார்க்கும் நேரத்தில் அதை அம்மாவிடம் நீட்டினேன். "இது பெரியப்பாவுக்கு."

அம்மா அதை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். நகத்தால் வளைவைச் சுரண்டினாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"ஈரமா இருந்துச்சும்மா. காய வெச்சேன்" என்றேன். ஈரம் பட்டால் உருகின ஈயம் வெடித்துத் தெறிக்கும். அதனால் அது சொல்லக்கூடிய பொய்தான்.

"பட்டறைல போயி செகப்புப் பவுடர எடுத்துட்டு வா" என்றாள் அம்மா. நான் திரும்பி வந்தபோது முள்ளை அச்சில் வைத்து மூடி, கரண்டி நிறைய ஈயம் எடுத்து ஊற்றிக்கொண்டிருந்தாள்.

என் வாழ்க்கையில் அவ்வளவு அழகாக நான் ஒன்றும் செய்ததில்லை. அந்தச் சிவப்பு! மிச்சமிருந்த தீயணைப்புச் சிவப்பில் முக்கி, அடுப்பில் வேகவைத்து, பழுத்த மிளகாய்த் தோல் மாதிரி வந்தது. மஞ்சள் கண், நடுவில் கறுப்புப் பொட்டு. எங்கள் ஊரிலேயே நல்ல சேவலின் கழுத்திறகைக் கட்டினேன். பெரியப்பா அதை வாங்கிச் சுழற்றிச் சுழற்றிப் பார்த்து, "இது தலைடா!" என்றார். எனக்கு ஒரு மிட்டாய் கொடுத்தார். மிட்டாயைச் சாப்பிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை இரண்டு காரும் ஒரு வேனும் சிறுமுகை தாண்டி ஆற்றோரம் போய் நின்றன. பாக்குத் தோப்பு ஒன்றின் நிழலில் சமையல். வேலைக்கு ஆள் வேண்டுமே, அம்மாவையும் கூட்டிக்கொண்டு போயிருந்தார்கள். பம்பு கம்பெனி முதலாளி பருமனான, சிரித்த முகத்துக்காரர். தன் கூட்டாளிகள் நான்கைந்து பேரைக் கூட்டி வந்திருந்தார். பெரியப்பா டப்பாவைத் திறந்து ஆளுக்கொரு தலையாகக் கொடுத்தார். அவற்றின் முட்களெல்லாம் நல்ல முட்கள். மீன் விழுந்தது. முதலாளிக்கு ஒரு நல்ல விரால் விழுந்தது. மனிதர் பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி குதித்தார்.

பெரியப்பாவுக்கு வெகுநேரம் ஒன்றும் விழவில்லை. வெயில் ஏறிப் பிரியாணி தம் போடும்போதுதான் விழுந்தது. ரீல் கத்தின கத்தலில் எல்லோரும் கரைக்கு ஓடி வந்தோம். தூண்டில் தண்டு வில்லாக வளைந்துவிட்டது. "வாளை! வாளைங்க! சாமி, இந்த மாதிரி ஒண்ண நான் என் ஆயுசுல பாத்ததில்ல!" என்று பெரியப்பா அலறினார். இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கிவிட்டார். விடுவதும் இழுப்பதுமாகப் போனது நேரம். ஒரு தடவை மேலே வந்து புரண்டது, ஐயோ, அது மீனா! தட்டைத் தலை, அரிவாள் மாதிரி வாய், ஒரு ஆள் நீளத்துக்கு வெள்ளை வயிறு. வாயோரத்தில் என் சிவப்புத் தலை மின்னியது. முதலாளி கைதட்டினார். கூட்டாளிகள் கேமராவைத் தூக்கினார்கள். பெரியப்பா திரும்பி அவர்களைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தார். அவ்வளவு சந்தோசமாக அவரை நான் பார்த்ததே இல்லை.

நான் அம்மாவைப் பார்த்தேன். அவள் வெங்காயம் நறுக்கின கத்தியோடு தோப்பின் ஓரத்தில் நின்றிருந்தாள். மற்றவர்கள் மீனைப் பார்த்தார்கள். அவள் பெரியப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மீன் பெரியப்பாவுக்கு ஒரு கை தூரத்தில் கடைசியாக ஒரு தடவை தலையை உதறியது. சத்தமே இல்லை. தண்டு நிமிர்ந்தது. பெரியப்பா பின்னால் சாய்ந்து தண்ணீருக்குள் உட்கார்ந்துவிட்டார். வாளை அவசரப்படாமல் திரும்பி, கலங்கின தண்ணீரில் வாலை ஒரு வீசு வீசிப் போய்விட்டது.

கயிற்றை இழுத்தார். என் சிவப்புத் தலை வந்தது, ஒரு பொட்டுக் கலர் உதிராமல். அதற்குக் கீழே முள் கோணி ஊசி மாதிரி நேராக நின்றது.

முதலாளிதான் முதலில் சிரித்தார். "ஏனுங்க, ஊசியக் கட்டியா மீன் புடிக்கறீங்க? துணி தெக்கறதுக்கா வந்தீங்க?" அப்புறம் எல்லோரும் சிரித்தார்கள். டிரைவர்கள்கூடச் சிரித்தார்கள்.

பெரியப்பா ஈரம் சொட்டச் சொட்டக் கரையேறினார். முள்ளைப் பார்த்தார். அது ஏன் நிமிர்ந்தது என்று அவருக்கு யோசிக்கத் தோன்றவில்லை. யோசிக்காமலே பழி போட அவருக்கு ஒரு ஆள் இருந்தாள் அல்லவா? நேராகத் தோப்புப் பக்கம் வந்தார்.

"எல்லாம் இவ கை! இந்த ராசி கெட்டவ கை பட்டது எது உருப்பட்டிருக்குது!"

அத்தனை பேருக்கு முன்னால். அப்பா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அம்மா கத்தியைக் கீழே வைத்தாள். சேலையில் கையைத் துடைத்தாள். பெரியப்பாவிடம் அதுவரை அவள் நேருக்கு நேர் பேசினதே கிடையாது.

"சரியாத்தான் சொன்னீங்க மாமா. என்ற கை ராசியில்லாத கைதானுங். இனிமேல் உங்க ஈயத்துல அது படாதுங். நீங்களே எல்லாரு முன்னாலயும் சொல்லிப்போட்டீங்க. இனி யாராவது என்னைய உருக்கச் சொன்னா, உங்க பேச்சை மீறுன மாதிரி ஆயிருமுங்."

முதலாளி சிரிப்பை நிறுத்திவிட்டார். பெரியப்பா சொன்ன சொல்லையே அவள் வாங்கிக் கதவுக்குத் தாழ்ப்பாளாகப் போட்டுவிட்டாள். அதற்குப் பிறகு அம்மா அந்தப் பலகையில் உட்காரவே இல்லை. சட்டி சாய்ப்பிலேயே துருப்பிடித்தது. காசு கொடுத்து வேறு ஆளை வைத்து உருக்கப் பெரியப்பாவுக்கு மனசு வரவில்லை, தலை செய்வதே நின்றுபோனது. பம்பு மூடிகள் வேறு பட்டறைக்குப் போயின. முதலாளி போகிற கல்யாணத்திலெல்லாம் அந்தக் கதையைச் சொன்னார். பெரியப்பாவுக்கு 'ஊசிக்காரர்' என்று பட்டப்பேர் வந்தது. அவர் முதுகுக்குப் பின்னால் யாராவது அப்படிச் சொல்லிச் சிரிக்கும்போதெல்லாம் அந்த மிட்டாயின் இனிப்பு என் வாயில் வரும்.

அம்மாவுக்கு அப்புறம் ஒன்றும் தங்கவில்லை. நான் ஒற்றைப் பிள்ளையாகவே வளர்ந்தேன்.

நான் உண்டாகியிருந்தபோது டாக்டரம்மா வீட்டு விவரமெல்லாம் கேட்டார். பேச்சுவாக்கில் அந்த லீவைப் பற்றிச் சொன்னேன். பேட்டரித் தட்டு, சாய்ப்பு, மஞ்சள் புகை, ஈறில் கோடு. அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார். "ஈயம் ரத்தத்துல ஏறினா கரு கலையறதுண்டு. உங்கம்மாவுக்கு அதனாலதான்னு இப்ப உறுதியாச் சொல்ல முடியாதும்மா" என்றார். அவருக்கு உறுதியில்லை. எனக்கு உறுதி. ஏனென்றால் பால் தம்ளரோடு நான் அந்த வாசற்படியில் நின்றிருக்கிறேன். தெரியாமல் செய்தவனைக் கடவுள் மன்னிக்கட்டும். பெரியப்பாவுக்குத் தெரியும். தெரிந்துதான் தன் மகளை மாடிக்கு ஏற்றினார்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். முள்ளைக் காய்ச்சினதையும். அவள் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். "தெரியும்" என்றாள். "நீ ஒரு பக்கந்தான் காச்சியிருந்தே. உன்னைய பவுடரெடுக்க அனுப்பிப்போட்டு, இன்னுங் கொஞ்ச நேரம் தீயில காட்டி ஆறவெச்சுத்தான் அச்சுல போட்டேன்." கீரையை ஆய்வதை அவள் நிறுத்தவில்லை.

பெரியப்பா கடைசியில் படுக்கையில் விழுந்து கிடந்தபோது பார்க்கப் போனேன். நீங்கள் நினைக்கிற மாதிரி பாசத்தில் போகவில்லை. பெரியம்மா வெளியே இருந்தாள். அறையில் நாங்கள் இரண்டு பேர்தான். உடம்பு வற்றிப் போயிருந்தது, நினைவு நன்றாகத்தான் இருந்தது. நான் யாரென்று தெரிந்துகொண்டார். கொஞ்ச நேரத்தில் வாளைப் பேச்சு வந்துவிட்டது. யார் போனாலும் அதைத்தான் சொல்லுவாராம்.

"அந்த மீனு மட்டும் வந்திருந்தா கண்ணு..."

"அது போனது என்னாலதானுங் பெரியப்பா. முள்ளைச் சிவக்கக் காச்சி நாந்தான் சாகடிச்சேன்."

அவர் கண்ணோரம் தண்ணீர் வழிந்தது. அந்த மீனுக்காக அவர் அழுததை நான் பார்த்தேன். "என்னத்துக்குக் கண்ணு அப்படிச் செஞ்சுபோட்டே? உனக்கு நான் என்ன கொறை வெச்சேன்?"

"எங்கம்மா வயித்துல இருந்த கொழந்தைக்காகத்தானுங்."

அவர் நெற்றி சுருங்கியது. நிஜமாகவே யோசித்தார். நடிக்கவில்லை, எனக்குத் தெரியும்.

"எந்தக் கொழந்தை?"

சொன்னேன். பேட்டரித் தட்டுச் சாக்கு வந்த நாளிலிருந்து ஆரம்பித்து, சாய்ப்பு, புகை, அக்காவை மாடிக்கு அனுப்பும்போது அவர் வாயால் சொன்ன சொல், எல்லாவற்றையும், ஒன்றுவிடாமல், குரலை உயர்த்தாமல் சொன்னேன். அம்மாவை ஆட்டோவில் ஏற்றின கட்டத்துக்கு வந்தபோது அவர் முனகிக்கொண்டே ஜன்னல் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

நான் எழுந்தேன். நாற்காலியைத் தூக்கிக்கொண்டு கட்டிலைச் சுற்றி ஜன்னல் பக்கம் போய், அவர் முகத்துக்கு நேராகப் போட்டு உட்கார்ந்தேன்.

"அப்புறம் என்ன ஆச்சுன்னாங் பெரியப்பா" என்று, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தேன்.